விசா முடியும், பாக்கி முடியாது



இன்றைய பேச்சின் பொருள் ஒரே ஒரு கேள்விதான். அயல்நாட்டுக் கம்பெனி ஒன்று ஸ்பான்சர் செய்த விசாவில் ஒருவர் வேலை பார்க்கிறார். ஒரு நாள் காலையில் அவரைக் கூப்பிட்டு, "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்கிறார்கள். அந்த நிமிடத்தில் அவருக்கு மிச்சம் இருப்பது என்ன?

கொங்கு நாட்டில் இதற்கு ஒரு வழக்கமான பதில் உண்டு. "என்னங்க பண்றது, கம்பெனி கேன்சல் பண்ணீட்டாங்க, பையன் ஊருக்கு வந்துட்டானுங்க." அந்த ஒரு வரியில் ஆறு வருட உழைப்பின் கணக்கையும் மூடிவிடுகிறார்கள். அந்த வரியில் பாதி உண்மை, பாதி பொய். விசா கேன்சல் ஆகும் என்பது உண்மை. அத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது என்பது பொய்.

இது வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிப் பேர் வாங்கிய மண் அல்ல. ராமநாதபுரத்துக்கும் தஞ்சைக்கும் அந்தப் பேர் உண்டு. கோவை பம்பு செய்தது, திருப்பூர் பனியன் தைத்தது, ஈரோடு மஞ்சள் விற்றது. பிறருக்கு வேலை கொடுத்தே பழகிய ஊர்கள் இவை. ஆனாலும் இன்றைக்குக் கோவை விமான நிலையத்திலிருந்து ஷார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் நேராகப் பறக்கிறார்கள். வெல்டர் போகிறார், ஃபிட்டர் போகிறார், எலக்ட்ரீஷியன் போகிறார், நர்ஸ் போகிறார், கோவையில் பொறியியல் படித்துவிட்டுக் கணினி வல்லுநர் அமெரிக்கா போகிறார். 2015ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிபெயர்வு ஆய்வு, மாநிலத்திலிருந்து வெளிநாடு சென்றவர்கள் சுமார் 22 லட்சம் பேர் என்றது. அவர்களுக்கெல்லாம் பொதுவானது ஒன்று உண்டு. அவர்கள் அங்கே இருப்பது ஒரு முதலாளியின் பெயரால்.

அதன் பொருள் என்ன?

பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை போனால், மறுநாள் கணபதியில் வேறொரு பட்டறை ஏறலாம். குடியிருக்கும் வீடு அப்படியே இருக்கும். ரேஷன் கார்டு அப்படியே இருக்கும். பிள்ளை போகும் பள்ளிக்கூடம் அப்படியே இருக்கும். ஸ்பான்சர் விசாவில் அப்படி இல்லை. வேலை கொடுத்தவர்தான் விசாவும் கொடுத்தவர். படுக்கிற ரூமும் பல நேரம் அவருடையதுதான். வளைகுடாவில் அவரைக் கஃபீல் என்கிறார்கள். சிங்கப்பூரில் வேலை அனுமதித் தாளுக்குப் பெர்மிட் என்று பெயர். அமெரிக்காவில் எச்-1பி. எந்தப் பெயரானாலும், அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் வேலையும் போகும், விசாவும் போகும், ரூமும் போகும்.

போகாதவை எவை? செய்த வேலைக்கான சம்பளம் போகாது. நோட்டீஸ் காலத்துச் சம்பளம் போகாது. எடுக்காத விடுப்புக்கான பணம் போகாது. ஊழியர்கள் "சர்வீஸ் பணம்" என்று சொல்லும் பணிக்கொடை வளைகுடாவில் போகாது. பாஸ்போர்ட் அவருடையது, அது எப்போதும் போகாது. ஊர் திரும்பும் டிக்கெட், பல நாடுகளில், வேலையை விட்டு நீக்கியவர் தலையில்.

இவை கருணை அல்ல. நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும், சட்டப் புத்தகத்திலோ ஒப்பந்தத்திலோ எழுதியிருப்பவை. ஆனால் இந்த உரிமைகளுக்கு நாள் கணக்கு உண்டு. நாள் தவறினால் கைநழுவும். தப்பான தாளில் கையெழுத்துப் போட்டாலும் கைநழுவும். அதைத்தான் ஒவ்வொரு நாடாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு கதை. வெல்டர்களின் கதை. நடந்த கதை.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அமெரிக்காவின் வளைகுடாக் கரையைப் புரட்டிப் போட்டது. எண்ணெய்க் கிணற்று மேடைகளைப் பழுது பார்க்க ஆள் இல்லை. மிசிசிப்பி மாநிலத்துப் பாஸ்ககூலாவிலும் டெக்சாஸ் மாநிலத்து ஆரஞ்சிலும் கப்பல் பட்டறை வைத்திருந்த சிக்னல் இன்டர்நேஷனல் என்ற கம்பெனி, இந்தியாவிலிருந்து சுமார் 500 வெல்டர்களையும் பைப் ஃபிட்டர்களையும் எச்-2பி என்ற தற்காலிக விசாவில் இறக்கியது. மலையாளிகள், தமிழர்கள், தெலுங்கர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். கிரீன் கார்டு கிடைக்கும் என்று ஏஜென்ட்கள் சொன்னார்கள். அதற்காக ஆளுக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் டாலர் வரை வாங்கினார்கள். நிலத்தை விற்றுக் கொடுத்தவர்கள் உண்டு, வட்டிக்கு வாங்கிக் கொடுத்தவர்கள் உண்டு.

போய் இறங்கியதும் என்ன கிடைத்தது? ஒரு டிரெய்லரில் 24 பேர் வரை. அந்தப் படுக்கைக்குச் சம்பளத்தில் மாதம் 1,050 டாலர் பிடித்தம். கிரீன் கார்டு வரவே இல்லை. சிலர் கேள்வி கேட்டார்கள், கூட்டம் போட்டார்கள். 2007 மார்ச் 9 விடியற்காலையில் கம்பெனிக் காவலர்கள் முகாமுக்குள் வந்து, முன்னால் நின்று பேசியவர்களைத் தேடிப் பிடித்து ஓர் அறையில் அடைத்தார்கள். "வேலை முடிந்தது, விமானம் காத்திருக்கிறது" என்பதுதான் செய்தி. அவர்களில் ஒருவர் கையை அறுத்துக்கொண்டார். ஊரில் இருக்கும் கடனை நினைத்தால் வெறுங்கையோடு எப்படித் திரும்புவது?

அன்றைக்கு அவர்களை விமானம் ஏற்ற முடியவில்லை. மற்ற தொழிலாளர்கள் திரண்டார்கள், விஷயம் வெளியே தெரிந்தது. ஓராண்டு கழித்து, 2008 மார்ச்சில், சுமார் நூறு பேர் வேலையை உதறிவிட்டு வாயிலுக்கு வெளியே வந்து தலைக்கவசங்களை வீசி எறிந்தார்கள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து வாஷிங்டன் வரை பயணம் போனார்கள். அங்கே உண்ணாவிரதம் இருந்தார்கள். வழக்குப் போட்டார்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே வழக்காக நடத்த நீதிமன்றம் ஒப்பவில்லை. தனித்தனியாகப் பிரித்துப் போட்டார்கள். ஏழு ஆண்டு இழுத்தது.

2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் ஜூரி தீர்ப்பு சொன்னது. முதல் வழக்கின் ஐந்து தொழிலாளர்களுக்கு மட்டும் ஒரு கோடியே நாற்பது லட்சம் டாலர். அந்த ஐவரில் ஒருவர் தமிழர். அதே ஆண்டு ஜூலையில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. மற்றவர்களுக்குச் சேர்த்து இரண்டு கோடி டாலர் சமரசம் ஆனது, கம்பெனி மன்னிப்பும் கேட்டது.

ஏன் இந்தக் கதையை முதலில் சொல்ல வேண்டும்? அந்த விடியற்காலையில் விமானம் ஏறியிருந்தால் வழக்கே இருந்திருக்காது. விசாவைக் கம்பெனி முடிக்கலாம். ஆனால் விசா முடிந்த ஆளை மூட்டை கட்டி அனுப்பினால் கடனும் முடிந்துவிடும் என்று கம்பெனி போட்ட கணக்கு தப்பாகப் போனது.

இனி வளைகுடாவுக்கு வருவோம். அங்கே இருக்கும் இந்தியர்கள் சுமார் 90 லட்சம்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் இன்று நடப்பில் இருப்பது 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் சட்டம். 2022 பிப்ரவரி 2 முதல் அமலில் இருக்கிறது. அது சொல்வதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு வெல்டர். மாதச் சம்பளம் 2,000 திர்ஹம். அதில் அடிப்படைச் சம்பளம் 1,200. ஆறு ஆண்டு வேலை பார்த்தார். கம்பெனி ஆர்டர் இல்லை என்று நிறுத்துகிறது. அவருக்கு என்ன வர வேண்டும்?

முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். ஒரு நாளுக்கு 40 திர்ஹம், ஆக 4,200. ஆறாம் ஆண்டுக்கு 30 நாள், அதாவது 1,200. பணிக்கொடை மட்டும் 5,400 திர்ஹம். நோட்டீஸ் குறைந்தது 30 நாள் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காமல் நிறுத்தினால் அந்த மாதச் சம்பளம் 2,000. எடுக்காத விடுப்புக்குத் தனி. இதெல்லாம் வேலை முடிந்த 14 நாளுக்குள் கைக்கு வர வேண்டும். நோட்டீஸ் காலத்தில் வேறு வேலை தேட வாரம் ஒரு நாள் சம்பளமில்லாத விடுப்பும் உண்டு. வேறு கம்பெனியில் சேரவில்லை என்றால் ஊர் திரும்பும் டிக்கெட் கம்பெனியுடையது.

இன்னும் ஒன்று இருக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து அங்கே வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம். அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹம் வரை உள்ளவருக்குச் சந்தா மாதம் 5 திர்ஹம்தான். ஓர் ஆண்டு தொடர்ந்து கட்டியிருந்தால், அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம் மூன்று மாதம் வரை கிடைக்கும். நம் வெல்டருக்கு மாதம் 720, மூன்று மாதத்துக்கு 2,160. எல்லாம் கூட்டினால் 9,560 திர்ஹம். ஒரு திர்ஹத்துக்கு 22 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல்.

"கேன்சல் பண்ணீட்டாங்க, வந்துட்டானுங்க" என்ற அந்த ஒரு வரியின் விலை இரண்டு லட்சம்!

அந்தக் காப்பீட்டை 30 நாளுக்குள் கேட்க வேண்டும். நாட்டுக்குள் சட்டப்படி இருக்கும்வரைதான் கிடைக்கும். விசா ரத்தான பிறகும், விசாவின் வகையைப் பொறுத்து, அங்கே தங்கிக் கொள்ள அவகாசம் உண்டு. அந்த அவகாசம் இருக்கும்போதே முதல் விமானத்தில் ஏறி வந்தால் அந்தப் பணம் அங்கேயே நின்றுவிடும். தானாக ராஜினாமா செய்தவருக்கும் அது இல்லை. இங்கேதான் கையெழுத்தின் கதை தொடங்குகிறது.

"ஒரு ரிசைன் லெட்டர் எழுதிக் கொடுத்துடு, சீக்கிரமா எக்ஸிட் அடிச்சுத் தர்றோம்." எத்தனை பேர் இதைக் கேட்டிருக்கிறார்கள்! சவூதி அரேபியாவில் இந்த ஒரு தாள் என்ன செய்கிறது? அங்கே முதலாளி நிறுத்தினால், முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். 2,000 ரியால் சம்பளத்தில் நான்கு ஆண்டு இருந்தவருக்கு 4,000 ரியால். அவரே ராஜினாமா செய்ததாகத் தாள் சொன்னால், அதில் மூன்றில் ஒரு பங்குதான். அதாவது 1,333. இரண்டு ஆண்டு நிறையாதவர் ராஜினாமா செய்தால் ஒன்றுமே இல்லை. நிறுத்தியது கம்பெனி, எழுதிக் கொடுத்தது தொழிலாளி. லாபம் யாருக்கு?

அரபியில் நீட்டுகிற தாளில் "எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்று இருக்கலாம். படிக்கத் தெரியாத தாளைக் கைபேசியில் படம் எடுத்து, படிக்கத் தெரிந்தவருக்கு அனுப்பிக் கேட்க ஐந்து நிமிடம் போதும். பணம் வங்கியில் ஏறும் முன் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுவது ஏன்?

மறுபக்கத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. கோபத்தில் ரூமை விட்டுப் போய், தெரிந்தவர் வீட்டில் தங்கி, கிடைத்த வேலையைப் பார்ப்பது. கம்பெனி உடனே "ஆள் ஓடிவிட்டான்" என்று எழுதிக் கொடுக்கும். சவூதியில் அதற்கு ஹுரூப் என்று பெயர். நியாயம் கேட்க வேண்டியவர் ஒரே நாளில் குற்றவாளி ஆகிவிடுவார். முதலில் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார், பிறகுதான் மற்றதெல்லாம்.

சட்டம் முன்பு இருந்தது போல இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கத்தார் 2020இல், பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாற வழி செய்தது. சவூதி 2021 மார்ச்சில், தனியார் துறைத் தொழிலாளிகள் முதலாளியின் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறவும், நிபந்தனைகளோடு வேலை மாறவும் அனுமதித்தது. ஆனால் வீட்டு வேலை செய்பவர்கள், டிரைவர்கள், தோட்டக்காரர்கள், ஆடு மேய்ப்பவர்கள் அந்தச் சீர்திருத்தத்துக்கு வெளியே நின்றார்கள். ஆக அதிகம் நசுக்கப்படுபவருக்குத்தான் கதவு கடைசியாகத் திறக்கிறது.

நல்ல சட்டம் இருந்தும் கம்பெனியே கவிழ்ந்தால்? 2016இல் அதுதான் நடந்தது. எண்ணெய் விலை சரிந்து, சவூதி ஓஜர் என்ற பெரிய கட்டுமான நிறுவனம் மாதக் கணக்கில் சம்பளம் கொடுக்கவில்லை. முகாம்களில் சாப்பாடே நின்றது. அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் ஜூலை இறுதியில் இதை வெளியே சொன்னார். இணை அமைச்சர் வி.கே. சிங் ஜெத்தாவுக்குப் பறந்தார். அரசு சொன்ன அறிவுரை இதுதான்: பாக்கிக் கணக்கைப் பதிவு செய்யுங்கள், பிறகு ஊர் திரும்புங்கள். அந்த நிறுவனம் 2017 ஜூலையோடு மூடப்பட்டுவிட்டது.

அதே காலத்தில் அதே போலத் திவாலான சவூதி நிறுவனங்களில் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்களும் இருந்தார்கள். அவர்கள் அரசு அந்தப் பாக்கியை மறக்கவில்லை. ஆண்டுதோறும் கேட்டது. 2022 நவம்பரில் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸைச் சந்தித்தபோது சவூதி பட்டத்து இளவரசர், சுமார் பத்தாயிரம் பேருக்காக 200 கோடி ரியால் ஒதுக்குவதாக வாக்குக் கொடுத்தார். 2024இல் பணம் வரத் தொடங்கியது. ஏழெட்டு ஆண்டு கழித்து! எப்படி வந்தது? பெயர் இருந்தது, தொகை இருந்தது, கேட்க ஓர் அரசு இருந்தது.

2020இல் கொரோனா வந்தபோது நம்மவர்கள் எப்படி வந்தார்கள்? மே 7ஆம் தேதி தொடங்கிய வந்தே பாரத் விமானங்களில் இடம் கிடைத்ததே பெரிது என்று ஏறி வந்தார்கள். சம்பளப் பாக்கியை எழுதி வாங்க நேரமில்லை, எழுதிக் கொள்ளவும் ஆளில்லை. அந்த ஆண்டு ஜூனிலேயே ஆசியத் தொழிலாளர் அமைப்புகள் "சம்பளத் திருட்டு" என்று அதற்குப் பெயர் வைத்து இயக்கம் தொடங்கின.

சிங்கப்பூருக்கு வருவோம். அங்கே பெர்மிட்டில் இருக்கும் இந்தியத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் கம்பெனி 5,000 வெள்ளி பிணையம் கட்டியிருக்கிறது. வேலை முடிந்தாலும் ஊருக்கு அனுப்பும்வரை சாப்பாடும் தங்கலும் கம்பெனி பொறுப்பு. சம்பளப் பாக்கியைத் தீர்க்காமல் அனுப்பக் கூடாது. ஆனால் பெர்மிட் கேன்சல் ஆனவரைப் பிடித்து வைத்து விமானம் ஏற்றிவிடுவதையே தொழிலாகக் கொண்ட கம்பெனிகள் அங்கே இருந்தன என்று சிங்கப்பூர்த் தொண்டு நிறுவனங்களே எழுதியிருக்கின்றன. அப்படிக் கொண்டு போகப்பட்டவர் விமான நிலையக் குடிநுழைவு அதிகாரியிடம் "எனக்குச் சம்பளம் பாக்கி இருக்கிறது" என்று சொன்னால் போதும், தடுத்து நிறுத்திக் கேட்க வழி உண்டு. சம்பளப் புகாருக்குக் கெடு, வேலை முடிந்த நாளிலிருந்து ஆறு மாதம். அமீரகத்தில் இரண்டு ஆண்டு. தேதியை மனத்தில் வைத்திருப்பவர் எத்தனை பேர்?

இதெல்லாம் உடல் உழைப்பாளிகளின் பாடு, படித்தவர்களுக்கு இல்லை என்று யாராவது நினைக்கலாம். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை நிறுத்தியது. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் 10,000, கூகுள் 12,000, அமேசான் 18,000. பலருக்கு ஒரு மின்னஞ்சல்தான் நோட்டீஸ். அவர்களில் எச்-1பி விசாக்காரர்களுக்கு வேலை முடிந்த நாளிலிருந்து ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கியது. 60 நாள்.

அந்த 60 நாளே 2017 ஜனவரியில்தான் விதியாக வந்தது. அதற்கு முன் அப்படி உறுதியான அவகாசமே இல்லை. அதுவும் "அதிகபட்சம்" 60 நாள். தங்கும் அனுமதி முன்னதாக முடிந்தால் அதோடு சரி. அதற்குள் புதிய கம்பெனி மனுப் போட வேண்டும், அல்லது வேறு விசா நிலைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். வீடு வாங்கியவர், பள்ளியில் பிள்ளை இருப்பவர், கிரீன் கார்டு வரிசையில் பத்தாண்டாக நிற்பவர் எல்லாருக்கும் அதே 60. இதை 180 ஆக்கலாம் என்று அமெரிக்க அதிபரின் ஆலோசனைக் குழு ஒன்று 2023இல் பரிந்துரைத்தது. அது விதியாகவில்லை.

அங்கேயும் போகாத உரிமைகள் உண்டு. விசாக் காலம் முடியும் முன் கம்பெனி நிறுத்தினால், ஊர் திரும்பும் நியாயமான பயணச் செலவு அதன் பொறுப்பு. ராஜினாமா செய்தவருக்கு அது கிடையாது. மறுபடி அந்தக் கையெழுத்து! வேலை இல்லை என்று சம்பளமின்றி "பெஞ்சில்" உட்கார வைப்பது எச்-1பி விதிக்கு விரோதம். நிறுத்தியதைக் குடியேற்றத் துறைக்கு முறையாகத் தெரிவிக்கும்வரை சம்பளப் பொறுப்பு தொடரும். சிறிய கன்சல்டிங் கம்பெனிகளில் மாட்டிக்கொண்டு, பெஞ்சுச் சம்பளத்தைக் கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பி வந்த பொறியாளர்களுக்கு இந்த விதி தெரிந்திருந்தால்?

சரி, நம் நாட்டில் என்ன இருக்கிறது?

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா உள்ளிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் வரியும். அதற்கு மேல் கேட்பவர் சட்டத்தை மீறுகிறார். ஒன்றரை லட்சம் கொடுத்துவிட்டு ரசீது இல்லாமல் நிற்பவர்கள் நம் ஊர்களில் இல்லையா? டூரிஸ்ட் விசாவில் ஏறிப் போகிறவருக்கோ ஒப்பந்தமே கிடையாது. ஒப்பந்தம் இல்லாதவருக்கு மேலே சொன்ன கணக்கைக் கேட்கக் கையில் தாளே இல்லை.

அனுமதி பெற்றுப் போகிறவருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாயும் வரியும். விபத்தில் இறந்தால் பத்து லட்சம் என்பதுதான் பலருக்குத் தெரியும். தம் தவறு இல்லாமல் ஒப்பந்தக் காலத்துக்குள் வேலை பறிபோனால், இந்தியத் தூதரகம் சான்று கொடுத்தால், ஊர் திரும்பும் விமானக் கட்டணமும் அதில் உண்டு. கட்டின 275 ரூபாயில் இதுவும் இருக்கிறது என்று எந்த ஏஜென்ட் சொன்னார்?

தூதரகங்களில் 2009இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. கைவிடப்பட்டவருக்குத் தங்குமிடம், டிக்கெட், வழக்கறிஞர் உதவி அதிலிருந்து கிடைக்கும். புகார் பதிய 2015இல் தொடங்கிய மதத் இணையதளம் இருக்கிறது. சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது. 2022இல் அமைந்த அயலகத் தமிழர் நல வாரியத்துக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர், காங்கயம் மாடுகளைக் காக்கப் பாடுபட்டு இந்த வட்டாரம் முழுக்க அறிந்த கார்த்திகேய சிவசேனாபதி. திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. ஒப்பந்த நகல், பாஸ்போர்ட் நகல், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு, கம்பெனியின் நீக்கக் கடிதம் நான்கையும் இணைத்த மனு, வெறும் கண்ணீர் மனுவைவிட வேகமாக நகரும். விமானம் ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், அங்கேயே புகாரைப் பதிந்து, வழக்கை நடத்த நம்பிக்கையான ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டு ஏறலாம்.

இவ்வளவு இருந்தும் ஓட்டை எங்கே?

இங்கிருந்து அனுப்பியவருக்கும் அங்கே நிறுத்தியவருக்கும் நடுவே பொறுப்பு அறுந்து போகிறது. ஓட்டை அங்கேதான். இது இன்றைக்கு வந்ததல்ல. 1930களின் மந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கப்பல் ஏற்றி அனுப்பினார்கள். சேலம் மாவட்டத்திலிருந்து போனவர்களும் அதில் உண்டு. கப்பல் கட்டணம் கொடுத்ததே பெரிய உபகாரம் என்று கணக்கு முடித்தார்கள். ஆள் பிடித்த கங்காணியைக் கேட்க வழியில்லை.

பிலிப்பைன்ஸ் 1995இல் இந்த ஓட்டையைச் சட்டத்தாலேயே அடைத்தது. அயல்நாட்டு முதலாளி கொடுக்காத பணத்துக்கு மணிலாவில் இருக்கும் ஏஜென்ட்டும் கூட்டுப் பொறுப்பு. தகுந்த காரணமில்லாமல் நிறுத்தப்பட்டவருக்கு, ஏஜென்ட்டுக்குக் கொடுத்த கட்டணம் 12 சதவீத வட்டியோடு திரும்ப வேண்டும். மீதி ஒப்பந்தக் காலத்துச் சம்பளத்துக்கு மூன்று மாத உச்சவரம்பு வைத்திருந்தார்கள். அது செல்லாது என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2009இல் சொன்னது. துபாய்க்கு அலைய வேண்டாம், உள்ளூரிலேயே வழக்குப் போடலாம்.

கணக்குக் கேட்பது கோவைக்குப் புதிதல்ல. இது சின்னியம்பாளையம் ஆலைத் தொழிலாளர்கள் நால்வர் 1946 ஜனவரி 8ஆம் தேதி கோவை மத்திய சிறையில் தூக்குமேடை ஏறிய ஊர். ஆலை முதலாளியிடம் கணக்குக் கேட்கத் தெரிந்த ஊர். இன்று அதே ஊர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வருபவர்களுக்கு வேலை கொடுக்கிறது. அவர்களுக்கு விசா இல்லை, ஆனால் ரூம் கம்பெனியுடையது. 2020 மே மாதம் கோவையிலும் திருப்பூரிலும் சிறப்பு ரயில் ஏறியவர்களில் எத்தனை பேர் கணக்கு முடித்து ஏறினார்கள்? ஷார்ஜா முதலாளியிடம் நம் பிள்ளைக்காகக் கேட்கும் கேள்வியை, திருப்பூரில் தறி ஓட்டும் பிள்ளைக்காகக் கட்டக்கில் ஒரு தாய் கேட்டால், இந்த அவையில் இருக்கும் முதலாளிகளிடம் பதில் இருக்க வேண்டும்.

ஆகவே கோரிக்கைகள் மூன்று. 1983ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் கொண்டுவர ஒன்றிய அரசு 2025இல் வரைவு வெளியிட்டிருக்கிறது. கொடுக்கப்படாத சம்பளத்துக்கும் பணிக்கொடைக்கும் ஏஜென்ட்டைக் கூட்டுப் பொறுப்பாக்கும் பிரிவு அந்தச் சட்டத்தில் வர வேண்டும். இது முதல் கோரிக்கை.

திரும்பி வரும் ஒவ்வொருவரின் பாக்கியையும் பெயரோடும் தொகையோடும் பதிவு செய்ய ஓர் அலுவலகம் கோவையில் வேண்டும். மேட்டுப்பாளையத்துக்காரரும் கோபிக்காரரும் தாராபுரத்துக்காரரும் அதற்காகச் சென்னைக்கு ரயில் ஏறக் கூடாது. இது இரண்டாவது.

புறப்படும் முன் கொடுக்கும் பயிற்சியில், போகிற நாட்டின் சட்டப்படி தமக்கு என்ன வரும் என்ற கணக்கை ஒவ்வொருவரும் தமிழில், தம் சொந்தச் சம்பளத்தை வைத்து, தம் கையாலேயே போட்டுப் பார்க்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. இது மூன்றாவது.

இந்த மூன்றையும் சேர்த்து ஆட்சியருக்கும் வாரியத்துக்கும் அனுப்பும் மனு வாயில் மேசையில் இருக்கிறது. ஒப்பந்தமோ கேன்சல் தாளோ கொண்டு வந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வரலாம். வழக்கறிஞர்கள் படித்துச் சொல்வார்கள்.